கப்பல் முறுக்கு

பஸ்ஸைத் தவறவிட்டவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரயிலைத் தவறவிட்டுத் தலையில் கைவைத்தவர்களையும் பார்த்திருப்பீர்கள். வீட்டு நடையைவிட்டு இறங்காமலே கப்பல் கப்பலாகத் தவறவிட்ட ஒரு மனுஷரை இந்தத் தாமிரபரணிக் கரையில் நான் ஒருத்திதான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்தான் எங்கள் கப்பல் அண்ணாச்சி.

பாளையங்கோட்டையில் எங்களுடையது வளவு. ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரு குழாய். எனக்கு எதிர்வீடு அவருக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பீடித்தட்டை மடியில் வைத்தவள். நாலு பேர் இருந்தால் வாய் திறக்க மாட்டேன். அதனாலேயே அண்ணாச்சி எல்லாவற்றையும் என்னிடம் சொல்லுவார். குறுக்கே பேசாத ஆள் வேறு யார் கிடைப்பார்கள்?

கப்பல் பைத்தியம் பிடிப்பதற்கு முன்னால் அவர் பாபநாசம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அந்த வேலை அவருக்கு ஒரு வேதாந்தத்தைக் கொடுத்திருந்தது.

"காலி சீட்டோட வண்டிய எடுக்கது பாவம் தங்கச்சி. வண்டி நகர்ந்துட்டுன்னா அந்த சீட்டுக்கு என்ன விலை? ஒண்ணுங் கிடையாது. அதனால கடைசி நிமிசத்துல எவன் வந்து நின்னாலும், 'உள்ளதக் குடும்வே'ன்னு ஏத்திப்புடணும்."

ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களை மட்டும் அவருக்கு ஆகாது. "ஆள் இல்லாத எடத்துக்குத் துண்டு எதுக்குவே? எடும்!" என்று அந்தத் துண்டாலேயே சீட்டைத் துடைத்துவிட்டு, வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். இதற்காக அம்பாசமுத்திரத்தில் ஒருமுறை சட்டை கிழிந்திருக்கிறது.

வேலையை விட்ட பிறகும் வேதாந்தம் அவரை விடவில்லை. காய்கறியை மார்க்கெட் மூடும்போதுதான் வாங்குவார். அவர் வீட்டுக் கத்தரிக்காய்க்கு எப்போதும் சாயங்கால முகம். பூக்காரி கூடையைத் தலைக்குத் தூக்கிய பிறகுதான் மல்லிகைப்பூ விலை கேட்பார். தீபாவளிக்கு முந்தின நாள், ஷட்டரைப் பாதி இறக்கிய துணிக்கடைக்குள் குனிந்து நுழைந்து தன் வீட்டுக்காரிக்கு, அதாவது எங்கள் மதினிக்கு, சேலை எடுத்துக்கொண்டு வந்தார். கடையில் மிச்சம் இருந்தது பொம்மை கட்டியிருந்த சேலை ஒன்றுதான். முந்தானையில் வரிசையாகக் குண்டூசி ஓட்டை.

"பொம்மைக்குத்தான் எடுப்பா இருந்திருக்கும்" என்று மதினி சிரித்தார். ஆனால் அந்த மஞ்சள் சேலையைத்தான் அடிக்கடி கட்டினார்.

மதினி வாய்விட்டு எதுவும் கேட்கிற ரகம் இல்லை. மனதுக்குள் மட்டும் ஒரு முள் இருந்தது. பெரிய மகன் சென்னையில், சின்னவன் திருப்பூரில். சின்னவன் கல்யாணப் பத்திரிகையில் பெரியவனின் மாமனார் பெயர் விட்டுப்போயிற்று. அச்சாபீஸ்காரர் விட்டாரா, சின்னவன் விட்டானா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பொங்கலுக்குப் பெரியவன் வந்துவிட்டுப் போன பிறகுதான் சின்னவன் வருவான். ஒரு வருஷம் கணக்குத் தப்பி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். மதினி இலை போட்டு, சாம்பார் ஊற்றக் குனிந்தார். சின்னவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். மதினி கரண்டியைப் பிடித்தபடி குனிந்தே நின்றது என் கண்ணுக்குள் இருக்கிறது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் அண்ணாச்சியின் கைப்போனில் ஒரு கப்பல் வந்தது. சென்னையில் ஏற்றி, கடலில் சுற்றிக் காட்டி, மூன்றாம் நாள் கொண்டுவந்து இறக்குகிற உல்லாசக் கப்பல். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அண்ணாச்சி அதை ஒரு வேடிக்கையாகத்தான் காட்டினார். மதினி கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, இதுல நடுவுல இறங்க முடியுமா?"

"கிறுக்கச்சி, கடல்ல எங்கனளா இறங்க?"

"அப்பம் நம்ம ரெண்டு பயலுவளையும் இதுல ஏத்திருவோமா? கோவிச்சுக்கிட்டு எங்க எந்திச்சுப் போவானுவ?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அன்றைக்கே சென்னையில் இருக்கிற கப்பல் ஏஜெண்டுக்குப் போன் போட்டார். விலையைக் கேட்டதும் அவருக்கு விக்கல் எடுத்தது. அந்த ஏஜெண்ட் பையன் சும்மா இருந்திருக்கலாம். "வெயிட் பண்ணுங்க சார், ரூம் விக்கலைன்னா கிளம்புறதுக்கு முன்னாடி ரேட்டு இறங்கும்" என்று சொல்லிவிட்டான்.

அண்ணாச்சி போனைக் கையில் பிடித்தபடி வளவெல்லாம் நடந்தார். "கேட்டியா தங்கச்சி? கப்பலும் நம்ம பஸ்ஸு மாதிரிதான்! காலி சீட்டோட போகப் பயப்படுதான்!"

அதற்குப் பிறகு எங்கள் வளவில் கப்பல் பேச்சுதான். பரீட்சை நேரத்தில் கூட்டம் இருக்காது, விலை இறங்கும். மழைக்காலத்தில் இன்னும் இறங்கும். ஜன்னல் இல்லாத அறை மலிவு. நாலு படுக்கை உள்ள குடும்ப அறை எடுத்தால் மூன்றாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும் சலுகை. கடலைத் திருச்செந்தூரில் கால் நனைக்கிற அளவுக்கு மட்டும் அறிந்த எங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும் அண்ணாச்சி வகுப்பு எடுப்பார்.

நாலு படுக்கையில் அண்ணாச்சி, மதினி, மகன்கள் இரண்டு பேர். மருமகள்கள் எங்கே என்று கேட்காதீர்கள். பத்திரிகை விஷயத்தில் அவர்கள் இரண்டு பேரும் புருஷன்மாரைவிட வேகம்.

"ஒருத்தன் வரலைன்னா அந்தப் படுக்கைக்கு நீதான் தங்கச்சி" என்று என்னைப் பார்த்து ஒருநாள் சொல்லிவிட்டார். என் கையில் சுற்றின பீடி அவிழ்ந்துவிட்டது.

கடைசி நேரத்தில் கிளம்ப வேண்டும் என்றால் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? நடையில் இரண்டு பை கட்டியபடி இருக்கும். அதற்கு மேல் மதினியின் முறுக்கு டின். கப்பல் சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று மதினி முறுக்கு சுட்டுவிடுவார். அண்ணாச்சி விலையைப் பார்ப்பார். இறங்கும். இன்னும் இறங்கட்டும் என்பார். இறங்கினால் பெரியவனுக்கு லீவு இருக்காது. லீவு கிடைத்தால் சின்னவனுக்குக் கம்பெனியில் அவசர ஆர்டர். இரண்டு பேரும் சரி என்றால் ரயிலில் இடம் இருக்காது. இருந்தாலும் தட்கல் விலைதான்.

"இது என்ன அநியாயம் தங்கச்சி! கப்பல்காரன் கடைசி நேரத்துல விலைய இறக்குதான். ரயில்காரன் கடைசி நேரத்துல ஏத்துதான். ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து நான் சாவுதேன்!"

கப்பல் போய்விடும். மறுநாள் வளவுப் பிள்ளைகள் அண்ணாச்சி வீட்டு நடையில் கூடிவிடுவார்கள். "கப்பல் போயிட்டா தாத்தா?" "போயிட்டுலே." அவ்வளவுதான், டின் திறக்கும். கப்பல் முறுக்கு என்றே பெயர் வந்துவிட்டது. கப்பல் போகட்டும் என்று கோவிலில் வேண்டிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு.

ஒரு கார்த்திகை மாசம் எல்லாம் கூடி வந்தது. மழை. விலை அதுவரைக்கும் காணாத அளவுக்கு இறங்கியிருந்தது. பெரியவனுக்கு லீவு. சின்னவனும், அம்மா கேட்ட ஒரே காரணத்துக்காக, "முகத்தத் திருப்பிக்கிட்டு உக்காந்திருப்பேன், பரவால்லையா?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தான். ரயிலில்கூட இடம் இருந்தது. அண்ணாச்சி ஏஜெண்டைக் கூப்பிட்டு, போனைச் சத்தமாக வைத்தார்.

"சார், ஒரே ஒரு ஃபேமிலி ரூம்தான் சார் இருக்கு. இதுக்கு மேல இறங்காது."

அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஒண்ணுதான்னு சொல்லுதான்னா நாலு இருக்குன்னு அர்த்தம். வண்டி முச்சூடும் காலியா கெடக்கும்போது நான் எத்தன தடவ கூப்பாடு போட்டிருக்கேன், 'ஒரே சீட்டு, ஓடிவா ஓடிவா'ன்னு!"

மதினி அடுப்படியில் இருந்து வந்தார். கையெல்லாம் முறுக்கு மாவு.

"எடுத்துருங்க."

ஒரு பொருளைக் காட்டி 'எடுத்துருங்க' என்று மதினி சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

"காலையில பாப்போம்ளா. இன்னும் பைய இறங்கும்."

காலையில் அந்த அறை இல்லை. வேறு அறையும் இல்லை. பையன் சொன்னது நிஜம்.

அண்ணாச்சி போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மதினியே டின்னைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் முறுக்கைக் கொடுத்தார். எனக்கும் நாலு கொடுத்தார். "தின்னு ஏட்டி, மொறுமொறுப்பு போகல" என்றார். என்னால் தின்ன முடியவில்லை.

மார்கழியில் ஒருநாள் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே மதினி சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மகன்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் நின்றவர்களை அண்ணாச்சி கையைப் பிடித்துக் கேண்டீனுக்கு இழுத்துப்போனார். நானும் பிளாஸ்கில் காப்பி வாங்கப் பின்னால் போனேன். இருந்தது ஒரே மேஜை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவன் சட்னிக் கிண்ணத்தைத் தள்ளினான்.

"ஊத்திக்கோல."

"நீ ஊத்திக்கோ மொதல்ல."

அண்ணாச்சி எழுந்து ஓடினார். அந்த வயசில் அவ்வளவு படியையும் அவர் ஓடி ஏறியதை நம்ப மாட்டீர்கள். மதினி கிடந்த அறைக்குள் நுழைந்து காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஏளா! ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து திங்கானுவ! சட்னி தள்ளுதான்ளா, சட்னி!"

நர்ஸம்மா வந்து அவரை வெளியே போகச் சொன்னார். மதினியின் கண் மூடியே இருந்தது. காதில் விழுந்ததோ இல்லையோ, யார் சொல்ல முடியும்? மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதிப் பத்திரிகையைச் சின்னவன்தான் அடித்தான். பெரியவனின் மாமனார் பெயர் முதல் வரியில், கொட்டை எழுத்தில் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி கப்பலைப் பற்றிப் பேசவில்லை. போனையே எடுப்பதில்லை. ஒருநாள் காய்கறிக்காரி எங்கள் வளவுக்கே வந்து என்னிடம் கேட்டாள். "கண்டக்டர் அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு என்ன செய்யுது? காலங்காத்தால வந்து சொன்ன வெலைக்குக் கத்தரிக்கா வாங்கிட்டுப் போறாவளே! எனக்குப் பயமா இருக்கு." எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தக் கத்தரிக்காய் பளபளவென்று, தண்ணீர் தெளித்த முகத்தோடு, சமைக்க ஆள் இல்லாமல் நடையில் கிடந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் அண்ணாச்சி என் வீட்டு நடையில் வந்து உட்கார்ந்தார். போனைச் சத்தமாக வைத்து ஏஜெண்டைக் கூப்பிட்டார்.

"சார்! எப்படி இருக்கீங்க? கார்த்திகைல போற கப்பலா? இப்பவேவா? இப்ப ஃபுல் ரேட்டு சார். நீங்களா கேக்குறீங்க? பொறுங்க சார், இறங்கும்."

"பொறுத்தது போதும் தம்பி. இப்பமே போடும். நாலு படுக்க."

பையன் பெயர்களை எழுதிக்கொண்டான். அண்ணாச்சி, பெரியவன், சின்னவன்.

"நாலாவது சார்?"

"கோமதி."

மதினியின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. எப்போதும் 'ஏளா'தான்.

"சரி சார். அம்மா ஆதார் கார்டு அனுப்பிடுங்க."

"ஆதார் இருக்கு தம்பி. ஆள்தான் இல்ல."

அந்தப் பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "சாரி சார். அப்போ அந்த பெட்டுக்கு வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க சார். காசு வீணாப் போவுது."

அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்று சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"வேற ஆள ஏத்தப்படாது. காலியாவே போகட்டும்."

கார்த்திகை வந்தது. கூட்டிப்போகச் சின்னவன் வந்தான். பெரியவன் எழும்பூரில் நிற்பானாம். இந்த முறை முறுக்கு நான் சுட்டேன். மதினி பக்குவம் எனக்கு வராது, எள் கூடிவிட்டது. டின்னைக் கொடுக்கப் போனபோது அண்ணாச்சி அந்தப் பொம்மைச் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவராகத்தான் சொன்னார்.

"எடம் பிடிச்சுப் போடணும்லா தங்கச்சி. இல்லன்னா எவனாச்சும் வந்து உக்காந்துருவான்."

கப்பல் கிளம்பின மறுநாள் வளவுப் பிள்ளைகள் அண்ணாச்சி வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டு என் பீடித்தட்டைச் சுற்றி நின்றார்கள்.

"ஆச்சி, கப்பல் போயிட்டா?"

"போயிட்டுலே."

"அப்பம் முறுக்கு?"

"அதுவும் போயிட்டு."

கப்பல் போனால் முறுக்கு வரும் என்பதுதான் அவர்கள் படித்த பாடம். ஒன்றும் விளங்காமல் முகம் சுண்டித் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு எங்கள் வளவில் ஒரு பிள்ளைக்கும் முறுக்கு இல்லை. எனக்கு அது போதும்.