டைமிங் சரியாக விழுந்த ஒரே இடம்

நான் இசையமைத்திருக்கிறேன் என்பதை வெளியில் சொல்வதில்லை. விசேஷ வீடுகளில் யாராவது மேடையிலிருக்கும் கீபோர்டைக் காட்டி, "உனக்கு வாசிக்கத் தெரியுமாமே?" என்றால், பந்தி எந்தப் பக்கம் என்று விசாரித்தபடி நகர்ந்துவிடுவேன். என் இசை வாழ்க்கை ஒரே ஒரு மாலை நீடித்தது. அதற்கே ஒருவருடைய மணிக்கட்டு முறிந்தது.

அப்போது மேடவாக்கத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருந்தேன். ஆபீசில் என்னோடு வேலை பார்த்த கிரேஸும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். அந்த முடிவு எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை. இரும்பைக் கடைந்து கடைந்து முகமும் அப்படியே ஆகிவிட்ட மனிதர் (இதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை).

கிரேஸும் அவள் நண்பர்களும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சமூகக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, மாதம் ஒரு படம் போடுவார்கள். அந்த மாதம் பழைய ஊமைப்பட நகைச்சுவைக் காட்சிகள்.

"சத்தமே இல்லாம ஓட்டினா ஜனங்க எழுந்து போயிடுவாங்க. யாராவது கூடவே லைவா வாசிச்சா நல்லா இருக்கும்" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வாசிக்கிறது என்ன, ஒரிஜினலா மியூசிக்கே போட்டுடறேன்" என்றேன்.

"நிஜமாவா? அப்போ அப்பாவையும் கூட்டிட்டு வரேன். உன்மேல ஒரு மதிப்பு வரும். அந்தச் சூட்டோட நம்ம விஷயத்தையும் சொல்லிடலாம்."

எனக்குத் தெரிந்த இசை, பள்ளிக்கூட நாளில் பாதியில் விட்ட கீபோர்டு வகுப்போடு சரி. அதைச் சொல்ல அது நல்ல தருணமாகத் தோன்றவில்லை.

எனக்குக் கொடுத்த காட்சியில் இரண்டு பேர் ஏணியும் வாளியுமாக ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறார்கள். ஒருவர் பெரிய மீசைக்காரர், இன்னொருவர் குட்டை. குட்டை ஆசாமி ஏணியோடு திரும்பும்போதெல்லாம் மீசைக்காரர் விழுவார், எழுவார், மறுபடி விழுவார். நான் முதலில் போட்ட மெட்டைக் கேட்டுவிட்டுப் பக்கத்து ஃப்ளாட் அக்கா, "யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" என்று கவலையாக விசாரித்தார். அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகப் போட்டேன். மீசைக்காரர் நடைக்கு அடித்தொண்டையில் ஒரு 'புப்பும், புப்பும்'. குட்டை ஆசாமிக்குக் குழல். யாராவது விழுந்தால், உச்சியிலிருந்து சறுக்கி வரும் 'சூஊஊய்', முடிவில் ஒரு 'டமார்'.

விழுகிற இடம்தான் கஷ்டம். யோசித்து வாசித்தால் ஆள் எழுந்தே போய்விடுவார். அதனால் தெருவில் தண்ணி லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க, ஆள் சாய்வதைக் கண் பார்த்ததும் விரல் தானாகப் போய் அமுக்குகிற மாதிரி பழகினேன். மூளைக்கு அதில் வேலையே இல்லை. (எனக்கு வசதியான ஏற்பாடுதான்.)

அன்று மாலை கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கிரேஸ், பக்கத்தில் அவள் அப்பா. திரைக்குக் கீழே ஓரமாக நான். படம் ஓடத் தொடங்கியதும், விரலை நம்பாமல் மூளை நடுவில் புகுந்து யோசிக்க ஆரம்பித்தது. மீசைக்காரர் விழுந்து, எழுந்து, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்ட பிறகு என் 'டமார்' வந்தது. அடுத்த முறை விழுவதற்கு முன்பே வந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கிரேஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் அவள் அப்பாவுக்கு போன் வந்தது. பேசுவதற்காக எழுந்தார். மரியாதையான மனிதர், யாருக்கும் மறைக்கக் கூடாதென்று குனிந்து திரைக்கு முன்னால் நடந்தார். என் ஸ்பீக்கர் ஒயர் குறுக்கே கிடந்தது. கால் சிக்கியது. ஆள் சாய்ந்தார். என் கண் பார்த்தது.

சூஊஊய்... டமார்!

அவர் தரையைத் தொட்டதும் டமாரும் ஒரே சமயம். கூடமே வெடித்துச் சிரித்தது. அந்த அரை நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அப்பாடா, ஒரு இடத்திலாவது டைமிங் சரியாக விழுந்ததே என்று. பத்து வருஷம் ஆகியும் என்னைக் கூச வைப்பது அவர் விழுந்ததல்ல, அந்த அரை நொடிதான்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவர் ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்து நொண்டிக்கொண்டு இரண்டடி வைத்தார். என் இடது கை 'புப்பும், புப்பும்' என்று கூடவே போனது.

"டேய், நிறுத்துடா!" என்று கிரேஸ் கத்தினாள்.

பதறிப்போய் எதையோ அமுக்கினேன். கீபோர்டிலேயே பதிந்திருக்கும் கைதட்டல் சத்தம் கூடம் முழுக்க ஒலித்தது. நிஜ ஜனங்களும் சேர்ந்து தட்டினார்கள். மைக் செட்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னா டைமிங்ணா! அவர நீயே செட் பண்ணி இட்டுகினு வந்தியா?"

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். பெஞ்சின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். நடுவில் கிரேஸ், இரண்டு பக்கமும் பார்க்காமல். அவர்தான் முதலில் பேசினார்.

"தம்பி, ஒரு சந்தேகம். நான் விழுந்தப்புறம் வாசிச்சியா, விழும்போதே வாசிச்சியா?"

"விழும்போதே, அங்கிள்."

"அப்போ விழறதப் பார்த்துட்டுத்தான் இருந்திருக்க."

"ஆமா, அங்கிள்."

"பிடிக்கணும்னு தோணல?"

"கை ரெண்டும் கீபோர்டுல இருந்துச்சு, அங்கிள்."

இதைவிடக் கேவலமான பதில் இருக்க முடியாது. ஆனால் அதுதான் உண்மை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேஸ் துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்வதற்கே ஒரு வருஷம் ஆனது. "யாரு, அந்த டமார் பையனா?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. எங்கள் கல்யாண வரவேற்பு அன்று மேடைப்படி ஏறுவதற்கு முன், பாடிக்கொண்டிருந்த குழுவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. மண்டபமே அமைதியாக இருக்க, ஒவ்வொரு படியாக ஏறி, மேலே வந்து நின்று, "இப்போ வாசிங்க" என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறோம். வீடு துடைத்த ஈரம் காயாமல் இருந்தால், அறை வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிடுவார்.

"மாப்பிள்ளை, கையைக் கட்டிக்கோங்க. நான் வரேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் கையைக் கட்டிக்கொள்வேன்.