சூரியன் வீட்டில் இரண்டு விரல்

அடி அண்ணாமலை,
தேர்தலுக்கு முந்தின வாரம், 2001.

என்றும் மரியாதைக்குரிய ரேணுகா அக்காவுக்கு, தங்கை தேவிப்ரியா வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, ஆடு எல்லோரும் சுகம். என் இடது கை நடுவிரல் மட்டும் சுகமில்லை. அங்கே ஆரணியில் மாமா, குழந்தை, உன் பத்து விரல்கள் அனைத்தும் சுகமா என்று தெரியப்படுத்தவும்.

நான் எட்டாவதோடு நின்ற பிறகு வீட்டு மிஷினில் தைத்துப் பழகியது உனக்குத் தெரியும். செங்கம் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிற ஜோதியம்மாள் அக்கா, ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொள பேண்ட் தைக்க ஆள் வேண்டும், திங்கட்கிழமை வா என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனேன். அப்பா நம் கட்சிக் கிளைச் செயலாளர் இல்லையா, அப்போதுதான் சுவரில் சூரியன் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். மைதாப் பசை காயவில்லை. ஆடு அதைத் தின்னப் பாய்ந்தது. கயிறு என் விரலில் சுற்றியிருந்ததால் விரலும் கொஞ்ச தூரம் கூடப் போய்விட்டு வந்தது.

விஷயம் ஜோதியம்மாள் அக்கா காதுக்குப் போனால் வேறு பெண்ணை வைத்துக்கொள்வார்களே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. நர்ஸம்மா மட்டும் பார்த்து, விரலை ஆட்டி மடக்கச் சொல்லிவிட்டு, "எலும்பு ஒடையல, சுளுக்குதான். யாரையும் உருவ விடாத. ஐஸைத் துணியில சுத்தி வை. நடுவுல பஞ்சு வச்சுப் பக்கத்து விரலோட சேத்துக் கட்டு, இறுக்காத. கையைத் தொங்க விடாத, தூக்கியே வச்சிரு" என்றார். அம்மா ஆள்காட்டி விரலோடு சேர்த்துக் கட்டியது. துணி கிடைக்காமல் அப்பாவின் பழைய கட்சித் துண்டில் கறுப்பு சிவப்புக் கரையைக் கிழித்துக் கட்டியது.

நான் பாட்டுக்கு மற்ற விரல்களை மடக்கி, கையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன் அக்கா. அந்த நேரம் பார்த்து இரட்டை இலைக் கட்சி ஜீப் வந்தது. மைக்கில் அப்பாதுரை அண்ணன். "பாருங்கள் பெருமக்களே, சூரியன் வீட்டு வாசலிலே இரண்டு விரல்! சின்னசாமி பெத்த பொண்ணே நம்ம பக்கம்!" என்று கத்த, டீக்கடையிலிருந்து அப்பா கிளாஸோடு ஓடி வந்தார்.

"இன்னாடி இது? யார் வீட்ல நின்னுகினு எந்தச் சின்னத்தைக் காட்டற? எறக்குடி கையை!"

"எறக்கினா வீங்கும், நர்ஸம்மா சொல்லிட்டாங்க" என்று அம்மா.

"அப்ப அஞ்சு விரலையும் விரிச்சுச் சூரியனைக் காட்டச் சொல்லு!"

"விரிச்சா வலிக்குதாம்யா!"

டீக்கடையில் ஒருத்தர், "விரல் இலை, துணி சூரியன். கூட்டணி வச்சிட்டாங்க போல, நமக்குத்தான் சொல்லல" என்றார். ஒரே சிரிப்பு. அப்பாதுரை அண்ணன் இறங்கி வந்து, "ஒரே ஒரு வார்த்தை பேசு தங்கச்சி" என்று மைக்கை என் வாயிலேயே வச்சிட்டாரு. நான் கடையில் உப்பு கேட்கவே வெட்கப்படுறவ. அப்பா முகத்தைப் பார்த்தேன், அழுகை வந்துடுச்சு, எங்கிருந்துதான் வந்துச்சோ, "இது இலையும் இல்ல, சூரியனும் இல்ல, சுளுக்கு! சுளுக்கு!"னு கத்திட்டேன். நாலு குழாய் ஸ்பீக்கர் அக்கா. மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் சுளுக்கு.

சாயந்திரமே ஜோதியம்மாள் அக்கா வந்து நின்னாங்க. வேலை போச்சுன்னு கதவுக்குப் பின்னாடி போயிட்டேன். "வெளிய வாம்மா. உனக்கு வாய் இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். தைக்கறது விரல் ஆறினப்புறம் பாத்துக்கலாம். கடைக்கு வர்றவங்கள கூப்ட்டு உக்கார வச்சுப் பேசத்தான் ஆள் இல்ல. அந்தக் குரலோட திங்கக்கிழமை வந்துடு"ன்னாங்க. வெள்ளைக்காரங்ககிட்ட அக்கா! எட்டாவது இங்கிலீஷை வச்சுகினு! ஆனா சரின்னு தலையாட்டிட்டேன்.

ஆகவே நீ எதற்கும் கவலைப்பட்டுக் கிளம்பி வர வேண்டாம். மாமாவுக்கு என் வணக்கங்கள், குழந்தைக்கு ஆயிரம் முத்தங்கள். அண்ணாமலையார் உங்களைக் காக்க.

இப்படிக்கு,
அன்புத் தங்கை,
தேவிப்ரியா.

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, ஆரணி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். வீக்கம் வடிந்துவிட்டது, விரல் வலிக்காமல் மடங்குகிறது, கட்டை அவிழ்த்தாச்சு. ஆனால் இரண்டு நாளாகக் கொல்லையில் நின்று "கம், சிட், வாட் கலர்" என்று சத்தம் போட்டுப் பழகியதில் தொண்டை கட்டிக்கிச்சு. காத்துதான் வருது, விடிஞ்சா திங்கக்கிழமை. உடனே கிளம்பி வா.