பி.டபிள்யூ. ஒன் அண்ணாச்சி பார்த்த கொலைகள்

தென்காசி வட்டாரத்தில் அதிகக் கொலைகளைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று தெரிந்துகொள்ள எந்தக் காவல் நிலையத்துக்கும் போக வேண்டாம். குற்றாலம் போகிற வழியில் உள்ள எங்கள் சட்டக் கல்லூரியின் வாட்ச்மேன்தான் அவர். கொலை மட்டுமல்ல. கொள்ளை, ஆள்மாறாட்டம், கள்ள உயில், வரப்புத் தகராறு எல்லாவற்றையும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பார்த்ததை ஒன்றுவிடாமல் கூண்டில் ஏறிச் சொல்லியும் இருக்கிறார்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பி.டபிள்யூ. ஒன். அரசுத் தரப்பின் முதல் சாட்சியை வழக்குக் கட்டில் அப்படித்தான் குறிப்பார்கள். மரியாதைக்கு ஓர் அண்ணாச்சி சேர்த்துக்கொண்டார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கல்லூரியில் ஒருவருக்கும் ஆள் தெரியாது.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. கல்லூரி இந்த வருடம் என்ன சாதித்தது, எவ்வளவு வளர்ந்தது என்று ஆண்டறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. முதல்வர் அதைப் பச்சை மையால் பாதி அடித்துவிட்டு, மீதியை ஆண்டு விழாவில் வாசிப்பார். எந்த நிறுத்தத்திலும் நிற்காத ரயில் மாதிரி இருக்கும் அந்த வாசிப்பு.

அண்ணாச்சி சாட்சியானது ஒரு சாரல் நாளில். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று செய்தி வந்தால் எங்கள் கல்லூரியில் பாதி வகுப்பு துண்டோடு காணாமல் போகும். அன்றைக்கு மாணவர்கள் வழக்காடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு. நீதிபதி வந்துவிட்டார். குற்றவாளி வந்துவிட்டான். கொலையுண்டவன்கூட முதல் வரிசையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். சாட்சி மட்டும் ஐந்தருவியில். கேட்டில் நின்ற வாட்ச்மேனைக் கையோடு கூட்டி வந்தார்கள்.

"அண்ணாச்சி, புளியமரத்தடியில இவன் அவனைக் குத்துனத நீங்க பாத்தீங்க. அவ்வளவுதான் சொல்லணும்."

"நான் பாக்கலயே."

"பாத்ததா சொல்லுங்க. சும்மா ஒரு பேச்சுக்கு."

"பாக்காதத எப்படிலே பாத்தேம்பேன்? சத்தியம் வேற பண்ணச் சொல்லுதிய. வேணும்னா ஒருக்க குத்திக் காட்டுங்க. பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

வேறு வழியில்லை. கேண்டீனுக்குப் பின்னால் போய் ஸ்கேலால் ஒரு கொலை செய்து காட்டினார்கள். அவர் கவனமாகப் பார்த்தார். வந்து செருப்பைக் கூண்டுக்கு இடது பக்கம் கழற்றிவிட்டு, ஏறி, கைகட்டி நின்றார். "புளியமரத்தடியில் நடந்ததைச் சொல்லுங்கள்" என்றான் அரசு வக்கீல். "அது வேப்பமரம்" என்றார். அரசுத் தரப்பு வழக்கு அந்த இடத்திலேயே சாய்ந்தது.

அன்றிலிருந்து அது எங்கள் கல்லூரியின் வழக்கமாகிவிட்டது. எந்தக் குற்றமானாலும் முதலில் அண்ணாச்சி பார்க்க நடத்திக் காட்ட வேண்டும். பிறகுதான் விசாரணை. ஒரு உயில் வழக்குக்காகப் பேராசிரியர் ஒருவர் சாகக் கிடக்கும் முதியவராக பெஞ்சில் படுத்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். "உயில் எழுதும்போது அவர் சுயநினைவோடு இருந்தாரா?" என்று கேட்டாள் ஒரு மாணவி. "குறட்டைல்லா விட்டாரு" என்றார் சாட்சி. உயில் செல்லாது என்று தீர்ப்பானது.

இன்னொரு முறை மூன்று பேர் சேர்ந்து ஒருவனை மைதானத்தில் ஓட ஓட விரட்டி வெட்டினார்கள். அட்டையில் செய்த அரிவாள்தான். ஆனால் செங்கோட்டை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அரைமணி நேரத்தில் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கேட்டில் இறங்கினார்.

"இங்கன கொலை நடந்துச்சாமே?"

"ஆமா சார். நான் நேர்ல பாத்தேன்."

"பாடி எங்கய்யா?"

"கேண்டீன்ல டீ குடிக்கான்."

முதல்வர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இனிமேல் கொலைகளைச் சாலையிலிருந்து தெரியாத இடத்தில் செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கையும் அனுப்பினார்.

குறுக்கு விசாரணையில் அவரை யாராலும் அசைக்க முடிந்ததில்லை. "இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது?" என்றால், "மத்தியானம் ரெண்டேகால். கிளாஸுக்கு நேரமாச்சுன்னு அவசரமாத்தான் குத்துனான்" என்பார். "குற்றவாளி கோபத்தோடு இருந்தானா?" என்றால், "சிரிச்சான்" என்பார். பார்த்ததைச் சொல்பவரை மடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அவரிடம் பழகியதால்தான் எங்கள் பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிகளில் மற்ற சாட்சிகளைச் சுலபமாக மடக்கினார்கள். கோப்பைகள் வந்தன. 'பேராசிரியர்களின் சீரிய வழிகாட்டுதலால்' என்று அறிக்கையில் நான் எழுதினேன். அந்த வரியில் பச்சை மை பட்டதே இல்லை.

இத்தனை பிடிவாதம் எதற்கு என்று ஒருநாள் கேட்டில் டீ குடித்தபோது கேட்டேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

வாலிபத்தில் சிவகிரிப் பக்கம் ஒரு மரக்கடையில் அவர் சுமை தூக்கியிருக்கிறார். கூட வேலை பார்த்தவர் மாரியப்பன். ஏதோ வாய்ப்பேச்சில் முதலாளியின் மைத்துனன் மாரியப்பன் தலையில் கட்டையால் அடித்துவிட்டான். உயிர் அங்கேயே போய்விட்டது. பக்கத்தில் நின்று பார்த்தது இவர் ஒருவர்தான்.

"கோர்ட்டுல ஏறி, பாக்கலன்னுட்டேன் சார்."

"மிரட்டினாங்களா?"

"மிரட்டக்கூட இல்ல. முந்துன நாளு முதலாளி எங்க வீட்டுக்கு வந்து, எம்புள்ளயத் தூக்கிக் கொஞ்சிட்டுப் போனாரு. அதுக்கே பயந்துட்டேன். கேஸ் தள்ளுபடி. மாரியப்பன் பொண்டாட்டி கோர்ட்டு வாசல்ல நின்னா. ஏசல, அழல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அதுக்கப்புறம் பாக்காதத பாத்தேன்னும் சொல்லுததில்ல. பாத்தத பாக்கலன்னும் சொல்லுததில்ல. வெளயாட்டுக்குக்கூட."

டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு கேட் திறக்கப் போய்விட்டார். நான் வருடக்கணக்காக நீதிமன்றச் செய்தி எழுதியவன். 'சாட்சி பிறழ்ந்ததால் விடுதலை' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பிறழ்ந்த சாட்சி அதன் பிறகு எங்கே போகிறார் என்று ஒரு முறைகூட விசாரித்ததில்லை.

இந்தக் கல்வியாண்டில் ஒரு பெரிய போட்டிக்குக் கொடுத்த வழக்கில் முக்கியச் சாட்சியே பிறழ்சாட்சி. கடையில் ஒருவனைக் கட்டையால் அடித்ததைப் பார்த்துவிட்டு, கூண்டில் ஏறிப் பார்க்கவில்லை என்பான். அவனிடமிருந்து உண்மையை வாங்க வேண்டும். எங்கள் அணிக்கு முத்துலட்சுமி தலைமை. திருவேங்கடம் ஊர்ப் பெண். வீட்டில் வானம் பார்த்த பூமி. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கருப்புக் கோட்டு போடப் போகிறவள். பழகுவதற்கு அண்ணாச்சியைத்தான் கேட்டாள்.

"வேற என்ன வேணா சொல்லுதேம்மா. இது மட்டும் வேண்டாம்."

ஒரு வாரம் கேட்டில் நின்று கெஞ்சினாள். காரணம் அவளுக்குத் தெரியாது. கடைசியில் சொன்னாள்: "கோப்பைக்காக இல்ல அண்ணாச்சி. நாளைக்கு நெசமாவே ஒரு சாட்சி பயந்துபோய் பாக்கலன்னு நின்னா, அவர எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் கேட்டைச் சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வச்சுக்க" என்றார்.

மறுநாள் கேண்டீனுக்குப் பின்னால் அடியை நடத்திக் காட்டினார்கள். நாளிதழைச் சுருட்டியதுதான் கட்டை. வழக்கமாக நுணுக்கமாகப் பார்ப்பவர் அன்று பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். செருப்பை இடது பக்கம் கழற்றினார். ஏறினார். அறிக்கைக்குப் படம் எடுக்க நான் பின்வரிசையில் இருந்தேன்.

"அடித்ததைப் பார்த்தீர்களா?"

"பாக்கல."

அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர் கை கூண்டின் கட்டையைப் பிடித்தது. பிறழ்சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய முத்துலட்சுமி நீதிபதியிடம் அனுமதி வாங்கினாள். பிறகு கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அங்கன இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"திரும்பினீங்களா?"

அவர் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. மறுபடியும் அதையே கேட்டாள்.

"திரும்பினேம்மா. பாத்தேன். மாரியப்பன் விழுந்தான்."

எதிர்த்தரப்பு மாணவன் துள்ளி எழுந்தான். "அப்ஜெக்ஷன் யுவர் ஆனர்! மாரியப்பன்னு ஒருத்தர் இந்தக் கேஸ்லயே இல்ல!"

இரண்டு பேர் சிரித்தார்கள். முத்துலட்சுமி சிரிக்கவில்லை. "அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லல அண்ணாச்சி?" என்றாள்.

"ஒரு தடவதாம்மா கேட்டாவ. பாக்கலன்னேன். அந்த வக்கீலு சார் பேப்பரத் திருப்பிட்டு உக்காந்துட்டாரு. ரெண்டாவது தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நீதிபதியாக இருந்த மாணவனுக்கு என்ன தீர்ப்பு சொல்வதென்று தெரியவில்லை. நான் படம் எடுக்கவில்லை.

அந்த வாரமே அண்ணாச்சி விடுப்பு கேட்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அதுதான் முதல் விடுப்பு. சிவகிரிக்கு பஸ் ஏறினார். சாயங்காலமே திரும்பிவிட்டார்.

"பாத்தீங்களா மாரியப்பன் வீட்டம்மாவ?"

"போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சாம். வீடு பூட்டிக் கெடக்கு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் போறதுக்குள்ள கோர்ட்டு கலைஞ்சிட்டு சார். பூட்டுன கதவுகிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

முத்துலட்சுமி கோப்பையோடு வந்தபோது கேட்டைத் திறந்துவிட்டவர் அவர்தான். கார்த்திகை மழையில் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். மாதிரி நீதிமன்றத்துக்கு இப்போது இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் சாட்சியாக வருகிறான். பார்க்காததையெல்லாம் சரளமாகப் பார்த்ததாகச் சொல்கிறான். மடக்குவது சுலபமாக இருக்கிறது.

இந்த வருட அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். கட்டமைப்பு, நூலகம், மாணவர் சாதனை, பேராசிரியர் கட்டுரைகள் என்று வளர்ச்சிக்கு எத்தனையோ தலைப்புகள் உண்டு. குறைந்துபோனதை எழுத ஒரு தலைப்பும் இல்லை. அதனால் மாணவர் சாதனையில், கோப்பையைச் சொன்ன வரிக்குக் கீழே, 'இவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன நம் முதல் சாட்சி இவ்வாண்டு காலமானார்' என்று சேர்த்தேன்.

முதல்வர் பேனாவைத் திறந்தார். "யாரு, நம்ம வாட்ச்மேனா?" என்றார். அந்த வரியைத் தொடாமல் பேனாவை மூடினார்.

ஆண்டு விழாவில் வழக்கம்போல வேகமாகத்தான் வாசித்துக்கொண்டு போனார். அந்த வரியையும் அதே வேகத்தில் வாசித்தார். பிறகு தாளைத் திருப்பப் போனவர், திருப்பாமல், ரெண்டாவது தடவையாக அதை நிறுத்தி வாசித்தார்.