மிஸ் லிம்முக்குப் போன மூன்று 'இஃப்'

அனுப்பிய பிறகுதான் கமலநாதன் பெயரைப் பார்த்தார். மிஸ் சுதர்சினிக்குப் போக வேண்டிய வாக்கியம் மிஸ் லிம்முக்குப் போயிருந்தது.

மிஸ் சுதர்சினி பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுப்பவர். மிஸ் லிம், தெலுக் பங்லிமா காராங்கில் கமலநாதன் பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் பார்த்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஃபேக்டரியின் ஜெனரல் மேனேஜர். வாட்ஸ்அப்பில் இரண்டு மிஸ்களும் அடுத்தடுத்து இருந்தார்கள். கமலநாதனின் கட்டைவிரலோ கொஞ்சம் அகலம்.

போன வாக்கியம் இதுதான்: "இஃப் ஐ கெட் எ பெட்டர் ஜாப், ஐ வில் லீவ் திஸ் ஃபேக்டரி."

இதைவிட நல்ல வேலை கிடைச்சா இந்த ஃபேக்டரியை விட்டுப் போயிடுவேன்.

வீட்டுப்பாடம் அது. 'இஃப்' வைத்து தினம் ஒரு வாக்கியம். திங்கட்கிழமை அவர், மழை பெய்தால் நனைவேன் என்று ஒழுங்காகத்தான் எழுதி அனுப்பினார். "மழை எல்லாருக்கும் பெய்யும். உங்க சொந்த வாழ்க்கையிலேர்ந்து எழுதுங்க" என்று மிஸ் சுதர்சினி திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதினார்.

அவசரமாக அழிக்கப் போனார். அதிலும் விரல் தவறியது. வாக்கியம் அவர் போனிலிருந்து மட்டும் மறைந்தது. மிஸ் லிம் போனில் அது சௌக்கியமாக இருந்தது என்பது அடுத்த நிமிஷம் வந்த பதிலில் தெரிந்தது.

"வென்?"

கமலநாதன் போனைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த மாதம் இதே ஃபேக்டரியில் வேர்ஹவுஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். வெளிநாட்டுக்காரனோடு ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவனாக வேண்டும். அதற்காகத்தான் நாற்பத்தேழு வயதில், ஃபேக்டரியில் யாருக்கும் சொல்லாமல் கிள்ளான் வீட்டிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய்ப் படிக்கிறார். ஸ்டோர் பையன்களுக்குத் தெரிந்தால் அவரை 'குட் மார்னிங் டீச்சர்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று மிஸ் சுதர்சினிக்கு போன் போட்டார்.

"மிஸ், வாக்கியம் தப்பான எடத்துக்குப் போயிடுச்சு."

"வாக்கியத்த வாசிங்க."

வாசித்தார்.

"அருமையா இருக்கே. இலக்கணத்துல ஒரு தப்பும் இல்ல."

"இலக்கணம் நல்லாத்தான் இருக்கு மிஸ், என் வேலைதான் போயிரும் போல இருக்கு!"

மிஸ் சுதர்சினி பதற்றப்படுகிறவர் இல்லை. "நீங்க எழுதினது முதல் வகை 'இஃப்'. நடக்கக்கூடிய விஷயம். அதான் அவங்க எப்பன்னு கேக்கறாங்க. இரண்டாம் வகைக்கு மாத்துங்க. 'கெட்' எடுத்துட்டு 'காட்'. 'வில்' எடுத்துட்டு 'வுட்'. அப்ப அது வெறும் கற்பனை. நடக்கவே நடக்காது."

"மிஸ் லிம்முக்கு அது புரியுமா?"

"இங்கிலீஷ் தெரிஞ்ச யாருக்கும் புரியும்."

கமலநாதன் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். "சாரி மிஸ் லிம். கரெக்‌ஷன். இஃப் ஐ காட் எ பெட்டர் ஜாப், ஐ வுட் லீவ் திஸ் ஃபேக்டரி."

மிஸ் லிம்முக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் அது இந்த ஊர் இங்கிலீஷ். இந்த ஊரில் 'காட்' என்றால் 'இருக்கு' என்று அர்த்தம். கார் பார்க் காட்? காட். லஞ்ச் காட்? காட்.

பதில் வந்தது. "வாவ், காட் ஆல்ரெடி? விச் கம்பெனி?" அட, வேலை கிடைச்சாச்சா, எந்தக் கம்பெனி?

மத்தியானம் போர்க்லிஃப்ட் ஓட்டும் பாலன் வண்டியை அவர் மேசைக்கு எதிரிலேயே நிறுத்தினான்.

"அண்ணே, போறீங்களாமே? சொல்லவே இல்ல லா."

"யாரு சொன்னா?"

"மிஸ் லிம் உங்க ஃபைல எடுத்துட்டு வரச் சொன்னாங்களாம். ஆபீஸ்ல விஷ்ணுப்ரியா சொன்னா." மேசை மேல் ஓடிக்கொண்டிருந்த மின்காற்றாடியைப் பார்த்தான். "இத யாருக்காச்சும் குடுக்கறதா இருந்தா என்ன மறந்துடாதீங்க."

"நான் எங்கயும் போகல பாலன்!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்று பாலன் வண்டியைப் பின்னால் எடுத்தான்.

சாயங்காலம் கிள்ளானில், வீட்டு ஹாலில், மனைவி சந்திரகலா மகளின் பள்ளிச் சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். கமலநாதன் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுப் போனைக் கையிலெடுத்தார்.

"மூணாவது வகைன்னு ஒண்ணு இருக்கு கலா. நடந்திருக்கலாம், ஆனா நடக்கல, முடிஞ்சு போச்சு. அதுல அனுப்பிட்டா விஷயமே முடிஞ்சுரும்."

"நேரா போய், தெரியாம அனுப்பிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அப்பறம் எதுக்கு அந்த மாதிரி எழுதினேன்னு கேப்பாங்க. கிளாஸ் போறத சொல்லணும். இங்கிலீஷ் தெரியாதவன்னு ஆயிரும். எக்ஸிகியூட்டிவ் வேலை கிடைக்குமா?"

அவள் பதில் சொல்வதற்குள் எழுதி அனுப்பியும் விட்டார். "இஃப் தே ஹேட் கால்ட் மீ, ஐ வுட் ஹேவ் லெஃப்ட்." பிறகு பெருமையோடு அவளுக்கு அர்த்தம் சொன்னார். "அவங்க கூப்பிட்டிருந்தா நான் போயிருப்பேன். அதாவது கூப்பிடல. போகல. அவ்வளவுதான்."

சந்திரகலா அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவங்கன்னா யாருங்க?"

"யாருமில்ல. சும்மா."

"யாருமே இல்லன்னா, அவங்க கூப்பிடலன்னு நீங்க ஏன் வருத்தப்படணும்?"

கமலநாதன் வாக்கியத்தை இன்னொரு முறை படித்தார்.

மிஸ் லிம்மின் பதில் வந்தது. "டுமாரோ மார்னிங் கம் மை ரூம். அலோன்."

புதன்கிழமை காலை அவர் உள்ளே போனதும் மிஸ் லிம் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். கண்ணாடித் தடுப்பின் திரையையும் இறக்கிவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் அந்தத் திரை இறங்கி கமலநாதன் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மலாயில் ஆரம்பித்தார்.

"இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றார் மிஸ் லிம், வெளியே கை காட்டி. "அவுட்சைட் கேன் ஹியர்." வெளியே இருந்த டிரைவர்கள் எல்லோருக்கும் மலாய் தெரியும்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தட் கம்பெனி. த பாஸ் ஷௌட் ஆர் நாட்?" அங்கே முதலாளி கத்துவாரா, மாட்டாரா?

இது பொறி என்று கமலநாதனுக்குப் பட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. இல்லாத கம்பெனி என்பது ஒவ்வொரு வார்த்தையிலும் தெரிய வேண்டும். இரண்டாம் வகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இஃப் தேர் வேர் எ கம்பெனி, த பாஸ் வுட் நாட் ஷௌட்."

ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மிஸ் லிம் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"சாட்டர்டே வொர்க்?"

"இஃப் தேர் வேர் எ கம்பெனி, வி வுட் ஸ்லீப் ஆன் சாட்டர்டே."

"மீட்டிங்?"

"தேர் வுட் பி நோ மீட்டிங்."

மிஸ் லிம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். கமலநாதனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வாழ்நாளில் முதல் தடவையாக ஆங்கிலம் அவர் சொன்னபடி கேட்டது. கற்பனைதானே, நன்றாகவே இருக்கட்டும் என்று கார் பார்க்குக்குக் கூரை போட்டார். கேன்டீனில் மீன் தலைக் கறி வைத்தார். லீவு கேட்டால் ஏன் என்று கேட்காத ஒரு முதலாளியையும் கொண்டுவந்து உட்கார வைத்தார். எல்லாவற்றுக்கும் 'வுட்' போட மறக்கவில்லை.

கடைசியில் மிஸ் லிம் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். "யுவர் இங்கிலீஷ் வெரி குட். டோன்ட் டெல் எனிபடி."

வெளியே வந்த பிறகுதான் உற்சாகம் வடிந்தது. தாளில் குறித்துக்கொண்டார்களே, எதற்கு? ஃபைல் வேறு அவர்கள் மேசையில். யாருக்கும் சொல்லாதே என்றால், சத்தமில்லாமல் அனுப்பிவிடப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்? அன்று மத்தியானம் கேன்டீனில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாலன் வந்து காற்றாடியின் வயர் எவ்வளவு நீளம் என்று அளந்து பார்த்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் மறுபடி மிஸ் சுதர்சினிக்கு போன் போட்டார்.

"மிஸ், எந்த வகையும் சரிப்பட்டு வரல. நாலாவது ஏதாச்சும் இருக்கா?"

நடந்ததை முழுக்கக் கேட்ட மிஸ் சுதர்சினி இரண்டு தடவை இருமினார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று கமலநாதனுக்குச் சந்தேகம்.

"கமலநாதன், 'இஃப்'பே வேண்டாம். உண்மையச் சொல்ல 'இஃப்' தேவையில்ல. எழுதிக்குங்க. தேர் இஸ் நோ கம்பெனி. இட் வாஸ் மை ஹோம்வொர்க்."

"எக்ஸிகியூட்டிவ் வேலை?"

"இவ்வளவு பொய்ய இங்கிலீஷ்ல தப்பில்லாம பேசியிருக்கீங்க. உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?"

அந்த ஒரு வார்த்தையில் கமலநாதனுக்குத் தெம்பு வந்தது. வியாழக்கிழமை காலை கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது ஹெல்மெட்டுக்குள் அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லிக்கொண்டே வந்தார். சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற லோரிக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? வேலை போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

ஸ்டோருக்குக்கூடப் போகாமல் நேரே ஆபீஸ் மாடி ஏறினார். சட்டையைச் சரிசெய்துகொண்டு மிஸ் லிம் அறைக் கதவைத் தட்டினார். சத்தமில்லை. இன்னொரு முறை தட்டினார்.

வெளி மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டிருந்த விஷ்ணுப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்து அவர் காதருகே வந்தாள்.

"மேடம் நேத்து சாயங்காலமே முதலாளிகிட்ட ராஜினாமா லெட்டர குடுத்துட்டாங்க அண்ணே. திங்கக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் அங்க வந்துருவாங்களாம், உங்க புதுக் கம்பெனி லொக்கேஷன மட்டும் அனுப்பி வைக்கச் சொன்னாங்க."