கண்ணொளிப் பயணத் திட்டம்

கோபுரம் கட்டுவது பெரிய காரியமே அல்ல. கம்பியும் சீமெந்தும் இருந்தால் யாரும் கட்டிவிடலாம். கட்டிய கோபுரத்தைப் பார்க்கப் போவதற்கு முறைப்படி திட்டமிடுவதுதான் மனிதகுலத்தின் உச்ச சாதனை. அதைச் செய்து காட்டியது கொழும்பு, கொட்டாஞ்சேனை ‘நேயக்கரங்கள்’ சங்கம். அதன் செயலாளர் இராஜநாயகம் கருணையைக்கூடக் கோப்பில் போட்டு இலக்கமிட்டு வைக்கும் உத்தமர்.

விஷயம் சிறியது. பிறெடி அங்கிள் முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில், கப்பலின் அடித்தட்டில் நின்று மூட்டை இறக்கியவர். கண் நரம்பு பழுதாகிவிட்டது. பார்வை மூன்று மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இராஜநாயகத்தின் கையைப் பிடித்தார்.

“மகன், எனக்கொரு ஆசை. தாமரைக் கோபுரத்தில ஏறி ஹார்பரை ஒருக்கா முழுசாப் பாக்கணும். காலமெல்லாம் கப்பல்ட வயித்துக்குள்ளயே கிடந்திட்டன்.”

இராஜநாயகத்தின் கண்கள் கலங்கின. உடனே கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார்.

கோயில் வாசலில் நின்ற த்ரீவீல்கார ஜாபிருக்கு இது விளங்கவில்லை. “இதுக்கு ஏன் சேர் கூட்டம்? இப்பவே ஏத்திட்டுப் போறேன். காட்டிட்டுக் கொண்டாந்து விடுறேன். சல்லியும் வாணாம்.”

இராஜநாயகம் பரிவோடு சிரித்தார். “தம்பி, தனியாள் செய்யிற கருணைக்கு அறிக்கை எழுதேலாது.”

முதலாம் கூட்டம் பயணத்துக்குக் ‘கண்ணொளிப் பயணம்’ என்று பெயரிட்டுத் தேநீருடன் கலைந்தது. இரண்டாம் கூட்டம் பயணத்தில் எல்லோரும் அணியப்போகும் ரீசேர்ட்டின் நிறத்தை ஆராய்ந்தது.

“தாமரை எண்டா பேர்ப்பிள்தான்” என்றாள் உபசெயலாளர் ஷெரோமி.

“பேர்ப்பிள் தவக்காலக் கலர் அக்கா. சாவீட்டுக்குப் போற மாதிரி இருக்கும்” என்றான் பொருளாளர் அனுஜன்.

அப்போதுதான் சபைக்கு உறைத்தது: இது தவக்காலமே! ஒறுத்தல் செய்ய வேண்டிய நாட்களில் உல்லாசமாகக் கோபுரம் ஏறலாமா? பயணம் உயிர்த்த ஞாயிறுக்குப் பின் என்று தீர்மானமாயிற்று. ஆசைப்பட்டதைப் பார்க்காமல் இருப்பதே மேலான ஒறுத்தல். அந்தப் புண்ணியம் பிறெடி அங்கிளுக்கே சேரட்டும் என்று சபை பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுத்தது.

ஜாபிர் வாரந்தோறும் பிறெடி அங்கிளின் வாசலில் ஹோர்ன் அடித்தான். “ஏறுங்க அங்கிள், பொயிட்டு வருவோம்.”

“வேணாம்டா. எனக்காக அவ்வளவு பேர் பாடுபடுறாங்க. நான் முந்திப் போனா அவங்கட மனசு நோகும்.”

இதைக் கேள்விப்பட்ட இராஜநாயகம் நெகிழ்ந்து, கூட்டக் குறிப்பில் நன்றியுடன் பதிவு செய்தார்.

உயிர்த்த ஞாயிறு வந்து போனது. சபை அழைத்திருந்த பிரதம விருந்தினர் அவுஸ்திரேலியாவிலிருந்து ஜூலையில்தான் வருவார். விருந்தினர் இல்லாத விழா என்ன விழா? சபை பொறுமை காத்தது. அந்நாட்களில் ஒரு காலை, பிறெடி அங்கிள் இராஜநாயகத்தின் முன்னாலேயே ஒரு வணக்கமும் சொல்லாமல் கடந்து போனார். இராஜநாயகம் அவரை மன்னித்தார்.

ஜூலையில் பதினான்கு பச்சை ரீசேர்ட்டுகள் கோபுரம் ஏறின. பிறெடி அங்கிள் ஜாபிரின் தோளைப் பிடித்தபடி கடைசியாக லிஃப்டிலிருந்து இறங்கினார். கண்ணாடிச் சுவரின் பெரும்பகுதியை மறைத்துச் சங்கத்தின் பெயர் பொறித்த மும்மொழிப் பனர் விரிந்தது. எல்லோரும் அதன் முன்னால் வரிசையானார்கள்.

“அங்கிள், கெமராவைப் பாருங்க!” என்றார் இராஜநாயகம்.

“எந்தப் பக்கம் மகன்?”

இராஜநாயகத்தின் நெஞ்சுக்குள் ஏதோ சரிந்தது. நல்லவேளை, அதே நேரம் பனரின் ஒரு மூலையும் சரிந்தது. அவர் அதைச் சரிசெய்ய ஓடினார்.

ஜாபிர் பிறெடி அங்கிளை வரிசையின் ஓரத்துக்கு, பனர் மறைக்காத கண்ணாடிப் பக்கம் திருப்பி நிறுத்தினான். “இந்தப் பக்கம் அங்கிள். நேரா முன்னால ஹார்பர். ஏழு கப்பல் நிக்குது. ஒண்டு செவப்பு, சரியான பெரிசு. கிரேன் இப்ப பெட்டி தூக்குது.”

பிறெடி அங்கிள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். “அடித்தட்டில யாரோ நிப்பான் ஜாபிர். பாவம், அவனுக்கு வானம் மட்டும்தான் தெரியும்.”

“ஸ்மைல்!” என்றாள் ஷெரோமி.

படம் அருமையாக வந்திருந்தது. ஓரத்தில் இரண்டு பேர் மட்டும் முதுகைக் காட்டி நின்று அழகைக் கெடுத்திருந்தார்கள். இராஜநாயகம் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு, “பார்வை மங்கும் முதியவருக்குத் துறைமுகத்தைக் காட்டி மகிழ்வித்தோம்” என்று எழுதி, அன்று மாலையே சங்கத்தின் முகநூலில் ஏற்றினார்.

பாராட்டுகள் குவிந்தன. ஜாபிரும் ஒரு வரி எழுதியிருந்தான்: “சேர், படத்துல பிறெடி அங்கிள் எங்க?”

இராஜநாயகம் அதற்கும் ஒரு ‘லைக்’ போட்டார்.