புதுக் கெர்னலும் வாட்டசாட்டமான மாப்பிள்ளையும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று கிளம்புகிறவனைப் போல ஆபத்தான ஆள் ஒரு வீட்டில் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் அந்தப் பதவி என்னுடையது. அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ஊரே விண்டோஸ் வைத்திருந்தபோது, எங்கள் கம்பம் நகரில் லினக்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். (மற்ற வீடுகளில் போய்ப் பார்த்ததில்லை. இருந்தாலும் நான்தான்.)

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஷார்ஜாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம். ஷார்ஜாவில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். அவருடைய அம்மா வந்து அக்காவைப் பார்த்து, பிடித்துப்போய், ஒரு பாஸ்போர்ட் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாத போட்டோ.

ஆள் ஒல்லியா குண்டா என்று தெரியாமல், எங்கள் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரணம், போடியிலிருந்து அதற்கு முன்னால் வந்த மாப்பிள்ளையை அக்கா ஒரே வரியில் முடித்து அனுப்பியிருந்தாள்: "ஆடிக் காத்து அடிச்சா இவுகளை வைகை அணையிலதான் போய்த் தேடணும்."

இந்தத் தடவையும் நேரில் பார்த்துப் பேசாமல் சரி சொல்ல மாட்டேன் என்றாள். மாப்பிள்ளைக்கோ லீவு இல்லை. அப்போதுதான் நான் எழுந்து நின்று, "வீடியோ கால் போட்டுடலாம். நான் பாத்துக்கிறேன்" என்று அறிவித்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் என்று முடிவானது. அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதற்காகவே தேனிக்குப் போய்ப் புது அகலத்திரை மானிட்டர் வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திரை ஓரத்தில், லினக்ஸின் உயிர்நாடியான கெர்னல் புதிதாக வந்திருக்கிறது என்றது கம்ப்யூட்டர். மாப்பிள்ளை பளிச்சென்று தெரியட்டுமே என்று அப்டேட் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன்.

கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு கண்ணடித்தது.

திரையில் படம் காட்டும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் செத்துப்போயிருந்தது. சிடியிலிருந்து திரும்பப் போட்டேன். படம் வந்தது, பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஓடின, மறுபடி கறுப்பு. இன்னொரு முறை போட்டேன். இன்னும் அழகான கோடுகள் வந்தன. ஜும்மா முடிந்து அத்தாவும் பெரியத்தாவும் வீட்டுக்குள் நுழைந்தபோது வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தேன்.

பெரியத்தா, அத்தாவின் அண்ணன். குமுளி ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் அவருடையவை.

"என்னடா ஆச்சு?"

"டிரைவர் சரியில்ல பெரியத்தா."

"எந்தப் பய? சம்பளத்த வாங்கிட்டு வரலையா?"

அவருக்குப் புரியும்படி விளக்கினேன். "வண்டிய மாத்திட்டேன். பழைய டிரைவருக்குப் புது வண்டி ஓட்டத் தெரியல."

"அப்பப் பழைய வண்டியவே எடுறா!"

நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது. "கம்ப்யூட்டர்ல அப்படியெல்லாம் முடியாது பெரியத்தா." (முடியும். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே பழைய கெர்னலில் போகவா என்று ஒரு பட்டியல் காட்டும். அத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தும் நான் அதைப் படிக்கவேயில்லை.)

கடைசியில், எந்தக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் சாதாரண டிரைவர் ஒன்றைப் போட்டேன். படம் வந்தது, நின்றது! ஐகான்கள் எல்லாம் கொஞ்சம் பூரித்திருந்தன. உயிர் வந்ததே பெரிது என்று விட்டுவிட்டேன்.

கால் போட்டோம். திரையில் மாப்பிள்ளை. ஆஹா, என்ன தோள்! என்ன கன்னம்!

"மாஷா அல்லாஹ்," என்று அம்மா என் காதில் கிசுகிசுத்தார். "நல்லா வாட்டசாட்டமா இருக்காக."

"ஜீப்புல முன் சீட்டு முழுசும் வேணும்," என்றார் பெரியத்தா திருப்தியாக.

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சலாம் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினார். "வீட்ல பெரியவுக சொன்னாகன்னு சரின்னு சொல்லிறாதீக. உங்களுக்குப் பிடிக்கலன்னா சொல்லுங்க, நானே எங்க அம்மாட்ட பேசிக்கிறேன்."

அக்காவின் பார்வை ஒரு முறை திரையின் மூலைக்குப் போய்த் திரும்பியது. அன்று சாயங்காலம் சரி என்றாள். வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. பிரியாணியில் பெரிய துண்டு எனக்கு வந்தது.

அடுத்த லீவில் மாப்பிள்ளை வந்தார். நிச்சயத்துக்கு எங்கள் வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்து ஒல்லியாக ஒருவர் இறங்கினார். நல்ல காற்று. சட்டை ஒரு பக்கம் பறந்தது, ஆள் நடுவில் எங்கேயோ இருந்தார்.

அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்தார். "ஏலே, தம்பி வந்திருக்காக. அண்ணன் எங்கன?"

பூரித்த ஐகான்கள் கண் முன்னே வந்தன. அந்த அரைகுறை டிரைவர், சதுரத் திரைக்கான படத்தை அகலத் திரை முழுக்க இழுத்து நிரப்பியிருக்கிறது! ஷார்ஜாவிலிருந்து ஒல்லியாகக் கிளம்பியவரை எங்கள் வீட்டு மானிட்டர் பயில்வானாக்கியிருக்கிறது. அக்கா இப்போது வேண்டாம் என்றால் இரண்டு குடும்பமும் என்னைத்தான் வெட்டிப் போடும். அக்காவின் அறைக்கு ஓடினேன். ஜன்னல் வழியே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு டிரைவர் வந்து..."

"தெரியும்டா."

"எப்படி?"

"நீங்க எல்லாரும் அவுகளைப் பாத்தீக. மூலையில சின்னக் கட்டத்துல நானும் தெரிஞ்சேன்ல? பூசணிக்கா மாதிரி இருந்தேன். என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"ஒல்லின்னு தெரிஞ்சேவா சரின்னு சொன்ன?"

"பிடிக்கலன்னா சொல்லுங்கன்னு இதுவரைக்கும் என்னைய யாருடா கேட்டிருக்கா?" என்றாள். பிறகு அவளே, "காத்தடிச்சா நான் பிடிச்சுக்கிறேன். நீ போய் அந்த மானிட்டரச் சரி பண்ணு" என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும், நான் கிட்டே போவதற்குள் பெரியத்தா, "பழைய வண்டியவே எடுறா" என்று கத்துகிறார். மச்சானுக்கோ அக்காவின் சமையலில் அன்று திரையில் பார்த்த அதே தோளும் கன்னமும் வந்துவிட்டன. போன பெருநாளுக்குத் தைத்த சட்டை இந்தப் பெருநாளுக்குப் பொத்தான் பூட்டவில்லை. அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "உன் அப்டேட்டு இப்பத்தான்டா முடிஞ்சிருக்கு."