மாடிப்படியில் ஒன்பது புதுக்கால்

இந்த வீட்டில் ஒரு தடவையாவது நான் ஜெயித்தே தீருவது என்று 2007 தைப்பொங்கலன்று முடிவெடுத்தேன்.

எங்கள் கண்டி வீட்டு மாடிப்படியின் கைப்பிடிக்குக் கீழே முப்பத்தொரு கடைசல் கால்கள் இருந்தன. எண்பத்து மூன்று கலவரத்தில் உள்ளே புகுந்தவர்கள் ஒன்பதைப் பிடுங்கி, அவற்றாலேயே எங்கள் கண்ணாடி அலுமாரியை நொறுக்கினார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சந்திரிகாவின் குசினிக்குள் ஒளிந்திருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டோம். பிறகு இரண்டு தச்சர்கள் மாதிரிக்கு ஒவ்வொரு கால் கடைந்து தந்தார்கள். ஒன்று பூசணி, மற்றது முருங்கைக்காய். என் மனைவி பாலாம்பிகை இரண்டையும் அடுப்பில் வைத்தாள்.

"இனி ஒருத்தரும் இதில கை வைக்கப்படாது!"

இருபத்து மூன்று வருஷம் நானும் வைக்கவில்லை. அப்போதுதான் திகனயில் மரவேலைக்கடை வைத்திருக்கும் றிஸ்வி ஒரு சி.என்.சி. மிஷின் இறக்கினார்.

"மாஸ்டர், பழைய காலு ஒண்டு கொண்டாங்க. அளவெடுத்துக் குடுத்தா கம்ப்யூட்டரே கடஞ்சிரும். மயிரிழை பெசகாது!"

பாலாம்பிகை மாத்தளைக்கு ஒரு கலியாணவீட்டுக்கு ஒரு வாரம் போனாள். நான் ஒரு காலைக் கழற்றிச் சாரத்தில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச்சாவடி. நீளமாக, உருண்டையாக, துணி சுற்றிய சாமான், அதுவும் ஒரு தமிழன் மடியில்! பஸ்ஸே மூச்சை அடக்கியது. ஆமிக்காரன் அவிழ்த்துப் பார்த்தான்.

"கட்டில் காலா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஓம், கட்டில்தான்" என்றேன். மாடிப்படியை விளக்குகிற நிலைமையில் நான் இல்லை.

றிஸ்வியின் மிஷின் சுழன்றது. கத்தி தானாக நகர, மரத்துக்கு இடுப்பு வந்தது, கழுத்து வந்தது. எனக்குப் புல்லரித்தது. ஒன்பதும் ஒரே அச்சு!

இடைவெளி இருந்த இடம் பாலாம்பிகைக்குத் தெரியும் அல்லவா? அதனால் றிஸ்வியும் நானும் எல்லாக் கால்களையும் கழற்றி, ஒரே நிறம் பூசி, பழசையும் புதுசையும் கலந்து பூட்டினோம். புதுசு ஒன்பதும் எங்கெங்கே என்று மனப்பாடம் செய்து வைத்தேன்.

பாலாம்பிகை வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். கண் கலங்கியது. நான் விடவில்லை.

"இதில புதுசு எது எண்டு சொல்லும் பாப்பம்! ஒண்டு பிழைச்சாலும் இனி இந்த வீட்டில நான் வைச்சதுதான் சட்டம்!"

"பிழைக்காட்டி?"

"ஒரு மாசம் சமையல் என்ர பொறுப்பு!"

கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டு மெதுவாக ஏறினாள். நான் பக்கத்திலேயே ஏறினேன்.

"இது பழசு... இதுவும் பழசு... ம்ம்... இது புதுசு."

தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவதும் சரி. ஐந்தாவதில் எனக்கு வியர்த்தது. உச்சிப்படியில் ஒன்பதாவதையும் தட்டிக் காட்டினாள்.

"எப்பிடியப்பா? கம்ப்யூட்டர் செய்தது! மரத்தில என்ன வித்தியாசம் கண்டீர்?"

"மரத்தை ஆர் பாத்தது? நான் உங்கட முகத்தையெல்லோ பாத்துக்கொண்டு வந்தன். போய்த் தேங்காயைத் துருவுங்கோ."